கிராமத்தில் கேமிங்குக்கு நெட் இணைப்பு: விளம்பரத்தில் வராத எண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய இணைப்பு விளம்பரம் எந்த நாளிதழில் வந்தாலும் கொட்டை எழுத்தில் இருப்பது ஒரே ஒரு எண்தான், வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற வேகம்: 40 எம்.பி.பி.எஸ்., 100 எம்.பி.பி.எஸ்., 300 எம்.பி.பி.எஸ். கிராமங்களில் ஆன்லைன் கேம் ஆடும் பிள்ளைகளும், அவர்களுக்காக மாதாமாதம் பணம் கட்டும் பெற்றோரும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் இணைப்பு எடுக்கிறார்கள். ஒரு மாதம் போவதற்குள் "நூறு எம்.பி. போட்டும் லேக் அடிக்குதே", அதாவது ஆட்டம் தாமதமாகித் திக்குகிறதே என்று கேபிள்காரரிடம் சண்டை. அவர் 200 எம்.பி. பிளானுக்கு மாறச் சொல்வார். மாறினாலும் லேக் அப்படியே இருக்கும். இந்தச் சுற்றை நிறுத்தத்தான் இக்கடிதம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். காசு வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றைத் தடை செய்கிறது. அதே சட்டம் ஈ-ஸ்போர்ட்ஸை, அதாவது விளையாட்டுப் போட்டியாக ஆடும் கேம்களை, அங்கீகரிக்கவும் செய்கிறது. வாலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2, பி.ஜி.எம்.ஐ. போன்று காசு வைக்காமல் ஆடும் ஆட்டங்கள்தான் இங்கே கணக்கு.

இந்த ஆட்டங்கள் ஓடும்போது இழுக்கும் டேட்டா மிகக் குறைவு. 1 எம்.பி.பி.எஸ்.ஸுக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும். அதே கணினியில் ஒரு யூடியூப் வீடியோவை எச்.டி.யில் போட்டால் அதைவிடப் பல மடங்கு போகும். ஆட்டத்துக்கு வேண்டியது குழாயின் அகலம் இல்லை. போன சேதி எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்பதுதான். அந்தப் போய்வரும் நேரம்தான் பிங். ஒவ்வொரு முறையும் அது ஒரே அளவாக இல்லாமல் ஏறி இறங்கினால் ஜிட்டர். போனது வழியில் காணாமல் போனால் பாக்கெட் லாஸ். வாலரன்ட் சர்வர் வினாடிக்கு 128 முறை கணக்குப் பார்க்கிறது, அதாவது ஏறத்தாழ 8 மில்லி செகண்டுக்கு ஒரு முறை. ஒரு சதவீதம் பாக்கெட் லாஸ் என்பது காதுக்குச் சிறியதாகக் கேட்கும். அந்தக் கணக்கில் அது வினாடிக்கு ஒரு சேதி தொலைவதற்குச் சமம். சுட்ட தோட்டா போய்ச் சேராததும், மறைவில் ஒளிந்த பிறகும் அடி விழுவதும் இதனால்தான்.

பிங் எண்ணுக்கு ஓர் அடிமட்டம் உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆக, 100 கிலோமீட்டர் தூரத்தைப் போய்வர 1 மில்லி செகண்ட். சென்னையிலிருந்து மும்பைக்குச் சாலை வழியில் 1,300 கிலோமீட்டருக்கு மேல்; கேபிளும் ஏறக்குறைய அந்தத் தடத்தில்தான் போகும். எனவே 13 மில்லி செகண்டுக்குக் கீழே எவராலும் இறக்க முடியாது. இடையில் உள்ள ரவுட்டர்களின் நேரம், உங்கள் ஊரிலிருந்து சென்னை வரையிலான வழி எல்லாம் சேர்ந்து, தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து மும்பை சர்வருக்கு 30 முதல் 40 வந்தால் நல்ல இணைப்பு. வாலரன்டுக்கு இந்தியாவில் சர்வர் மும்பையில்தான். கவுன்டர்-ஸ்டிரைக் 2 ஆடுபவர்களுக்கு அதிர்ஷ்டம்: வால்வ் நிறுவனத்துக்கு மும்பையோடு சென்னையிலும் சர்வர் இருக்கிறது, அங்கே 10, 15 கூடக் கிடைக்கும். சிங்கப்பூர் சர்வரில் ஆடுகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். 32 என்பது அடிமட்டம், 45, 50 வந்தால் நியாயம். அதே ஆட்டத்துக்கு 100க்கு மேல் காட்டினால் உங்கள் சேதி எங்கோ சுற்றிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். பிளானை உயர்த்தினால் அந்தச் சுற்று குறையாது. கண்டிப்பாகக் குறையாது.

நிலையான 45 பிங் உள்ள இணைப்பு, 15க்கும் 150க்கும் நடுவில் தாவிக்கொண்டிருக்கும் இணைப்பைவிட மேலானது. ஆடும் கை 45க்குப் பழகிக்கொள்ளும். தாவலுக்கு எந்தக் கையும் பழகாது.

இனி இணைப்பு வகைகள். வீட்டு வாசலுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வருமானால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை, அதுதான் முதல் தேர்வு. ஆனால் ஃபைபர் என்று சொல்லி விற்பதெல்லாம் ஒன்றல்ல. கேபிள்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஜிபான், ஈபானா? இல்லை, தெருவுக்குத் தெரு ஸ்விட்சும் மீடியா கன்வர்ட்டரும் வைத்து இழுத்திருக்கிறீர்களா?" ஜிபான், ஈபான் என்பவை ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் முறைகள். அப்படி என்றால் அவருடைய அறையில் இருக்கும், ஒளியை அனுப்பும் ஓ.எல்.டி. என்ற தலைமைப் பெட்டிக்கும் உங்கள் வீட்டு மோடத்துக்கும் நடுவில் கரன்ட் தேவைப்படும் பொருள் எதுவும் கிடையாது. கம்பத்தில் இருப்பது வெறும் ஸ்ப்ளிட்டர், ஒளியைப் பங்கு போடும் கண்ணாடித் துண்டு. மீடியா கன்வர்ட்டர் என்பது ஒளியை மின்சிக்னலாக மாற்றும், கரன்ட்டில் ஓடும் பெட்டி. அதன் சங்கிலி என்றால் நடுவில் ஏதோ ஒரு தெருவில் மின்சாரம் போனாலும் உங்கள் வீட்டில் நெட் போகும். உங்கள் வீட்டில் இன்வர்ட்டர் இருந்தும் பயனில்லை.

ஜிபானில் ஓர் ஓ.எல்.டி. போர்ட்டுக்கு வரும் 2.5 ஜி.பி.பி.எஸ்.ஸை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். பலர் இதைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் இடிப்பது பெரும்பாலும் இங்கே இல்லை. அந்தக் கேபிள்காரர் தனக்கு மேலே உள்ள நிறுவனத்திடம் மொத்தமாக எவ்வளவு வேகம் வாங்கியிருக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 400 வீட்டுக்கு நூறு நூறு எம்.பி. விற்றுவிட்டு, மேலே 1 ஜி.பி.பி.எஸ். மட்டும் வைத்திருந்தால் பகலில் எல்லாம் பறக்கும். இரவு 8 மணிக்கு எல்லா வீட்டிலும் ஓ.டி.டி. ஓடும்போது வரிசை கட்டி நிற்கும். வேகச் சோதனையில் அப்போதும் 60, 70 எம்.பி. காட்டக்கூடும். பிங் மட்டும் 30லிருந்து 120க்குப் போயிருக்கும். ஐ.பி.எல். நடக்கும் மாதங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

இணைப்பு எடுத்த அன்றே மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் பலம், எவ்வளவு என்று பார்த்துக் குறித்து வையுங்கள். பெரும்பாலான மோடங்களில் 192.168.1.1 என்று தட்டினால் அந்தப் பக்கம் வரும். டெசிபல் கணக்கில் வரும் அந்த மைனஸ் எண் கூடக் கூட ஒளி குறைவு. மைனஸ் 18க்கும் மைனஸ் 24க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்பது சாதாரண ஜிபான் மோடம் தாங்கும் விளிம்பு. மைனஸ் 26ல் கொடுத்துவிட்டுப் போனால் வெயில் காலத்தில் ஓடும். ஐப்பசி மழையில் ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிய அன்று அறுந்து அறுந்து வரும். 32 பங்கு ஸ்ப்ளிட்டர் மட்டுமே சுமார் 17 டெசிபல் தின்னும். ஒரு கிலோமீட்டர் இழைக்கு 0.35க்குள்தான் போகும், ஆகவே தூரத்தைக் குற்றம் சொல்வதில் பெரும்பாலும் நியாயமில்லை. கெட்டுப்போவது நுனிகள்தான். மெஷின் வைத்து ஸ்ப்ளைசிங் செய்த, அதாவது இரு இழை முனைகளை உருக்கி ஒட்டிய இணைப்பில் இழப்பு 0.1 டெசிபல் அளவில் நிற்கும். அவசரத்துக்குக் கையால் மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டர் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும்; தூசியிலும் சூட்டிலும் சில மாதத்தில் தளரும். பச்சை நிற கனெக்டரை நீல நிற சாக்கெட்டில் செருகினாலும் உள்ளே போய்விடும், வேலையும் செய்யும். ஆனால் ஒன்றின் முனை சாய்வாகச் சீவப்பட்டது, மற்றதன் முனை நேரானது. இடையில் காற்று நிற்பதால் பல டெசிபல் வீணாகும். இந்தத் தவறு நம்ப முடியாத அளவுக்குப் பரவலாக நடக்கிறது. பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம், அவ்வளவுதான்.

கேபிள் வரும் வழியையும் ஒருமுறை நடந்து பாருங்கள். பனைமரத்திலும் வேப்பமரத்திலும் கட்டி இழுத்திருந்தால் அணில் கடிக்கும். சாலைக்குக் குறுக்கே தாழ்வாகப் போனால் வைக்கோல் லாரியோ கரும்பு டிராக்டரோ அறுவடைக் காலத்தில் இழுத்துக்கொண்டு போகும். அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், ஸ்ப்ளைசிங் மெஷின் அவரிடமே இருக்கிறதா, பக்கத்து டவுனிலிருந்து வர வேண்டுமா என்பதைப் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரைவிட, கம்பத்தில் ஏறும் அந்த ஆளின் பெயர்தான் கிராமத்தில் முக்கியம். பிங் 5 மில்லி செகண்ட் கூடுதலாக இருந்தாலும், கூப்பிட்ட அன்று மாலையே வருகிறவரின் இணைப்பைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அரசுத் தரப்பில் ஊராட்சி வரை இழை கொண்டுவரும் திட்டம் 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது; 2015ல் பாரத்நெட் என்ற பெயருக்கு மாறியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பெட்டி எரிகிறதா, அதிலிருந்து வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கிறார்களா என்று கிராம சபையில் கேட்கலாம். கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: கேபிள் ஒரே கோடாக வருகிறதா, வளையமாகச் சுற்றி வருகிறதா? ஒரே கோடு என்றால் சாலை போடும் பொக்லைன் ஓரிடத்தில் வெட்டியதும் அதற்கு அப்பால் உள்ள ஊர்களெல்லாம் இருட்டு. வளையம் என்றால் மறுபக்கம் வழியாக ஓடும்.

ஃபைபர் வராத ஊரில் அடுத்த வழி மொபைல் கோபுரம். இங்கே பிளானை விடக் கோபுரமும் அலைவரிசையும்தான் பேசும். போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். செல் தகவல் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு இரண்டு எண்களைப் பாருங்கள். ஆர்.எஸ்.ஆர்.பி. என்பது சிக்னலின் பலம்: மைனஸ் 80 அருமை, மைனஸ் 100 சுமார், மைனஸ் 110க்குக் கீழே போனால் கேமுக்கு ஆகாது. எஸ்.ஐ.என்.ஆர். என்பது இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு தலைதூக்கி நிற்கிறது என்பது: 13க்கு மேல் நன்று, 5க்குக் கீழே தொல்லை. பலம் மைனஸ் 85 இருந்தும் எஸ்.ஐ.என்.ஆர். 2 என்றால், இரண்டு கோபுரங்கள் ஒன்றை ஒன்று கெடுக்கின்றன. அப்போது மாடிக்கு ஏற்றுவது இன்னும் மோசமாக்கும். வீட்டின் ஒரு பக்கச் சுவரை மறைப்பாக வைத்து ஒரே கோபுரம் மட்டும் தெரியும்படி ரவுட்டரை நகர்த்தினால் சரியாகும்.

850, 700 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவருக்குள் நுழையும். ஆனால் கொள்ளளவு குறைவு. 1800, 2300 தூரம் போகாது, கூட்டத்தைத் தாங்கும். போன் எப்போதும் தூரம் போகும் அலையையே பிடித்துக்கொண்டு, மாலையில் ஊரே அதில் நெரிந்தால் பிங் ஏறும். ஒரே அலையை மட்டும் பிடிக்கச் சொல்லும் பேண்ட் லாக் வசதியுள்ள ரவுட்டரில் 1800ஐப் பிடித்துவைத்தால் வேகம் குறைந்தாலும் பிங் நிலைப்பதுண்டு. பி.எஸ்.என்.எல். 4ஜி போடுகிறவர்கள் கையிலிருக்கும் போனோ ரவுட்டரோ 700 மெகாஹெர்ட்ஸைப் பிடிக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய கருவிகள் பல பிடிக்காது, "டவரே இல்லை" என்ற புகாரில் பாதி இதுதான்.

வெளி ஆன்டெனா வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. ஆன்டெனாவை மாடியில் வைத்து, மெல்லிய கோஆக்சியல் கேபிளில் 10 மீட்டர் கீழே இறக்கினால், ஆன்டெனா சம்பாதித்ததைக் கேபிளே தின்றுவிடும். ரவுட்டரே ஆன்டெனாவோடு சேர்ந்து வெளியில் நிற்கும் வகையை வாங்கி, லேன் கேபிளில் மின்சாரமும் சேர்த்து அனுப்புங்கள். சந்தையில் கிடைக்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் தொட வேண்டாம். உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டத்துக்குப் புறம்பானது. அதோடு ஊருக்கே சிக்னலைக் கெடுக்கும்.

ஏர் ஃபைபர் என்ற பெயரில் 2023 முதல் விற்பதும் இழை இல்லை, 5ஜி கோபுரத்திலிருந்து மாடிப் பெட்டிக்கு வரும் ரேடியோதான். சில இடங்களில் அது 5ஜி கூட இல்லை, உரிமம் தேவையில்லாத 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு. கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் நன்றாகவே ஓடும், 30, 40 பிங் கிடைக்கும். நடுவில் தென்னந்தோப்பு இருந்தால் யோசியுங்கள். பலர் மழையைப் பழிப்பார்கள்; இந்த அலைவரிசைகளில் மழைத்துளியால் பெரிய நட்டமில்லை, நனைந்த இலைதான் சிக்னலைக் குடிக்கிறது. பக்கத்து ஊர் நண்பரின் ஃபைபரிலிருந்து 5.8 கிகாஹெர்ட்ஸ் டிஷ் வைத்து இழுப்பவர்களுக்கும் இதே கணக்கு: 3 கிலோமீட்டர் தூரமானால், நேர்கோட்டில் டிஷ் தெரிந்தால் மட்டும் போதாது, நடுவழியில் அந்தக் கோட்டுக்குக் கீழே சுமார் 4 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். இன்று காலியாக இருக்கும் இடத்தில் மூன்று வருடத்தில் தென்னை எழும்பிவிடும். இணைப்பைப் பகிர்ந்துகொள்ள நிறுவனத்தின் விதிகள் அனுமதிக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கோள் இணைப்பு? பழைய வி-சாட் வகை, பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் மேலே நிற்கும் கோளை நம்பியது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, இறங்க ஒளியின் வேகத்திலேயே 477 மில்லி செகண்ட் ஆகும். சீட்டாட்டம் ஆடலாம், சுடும் ஆட்டம் ஆட முடியாது. ஸ்டார்லிங்க் கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் அந்தச் சிக்கல் இல்லை. 2025 ஜூனில் அதற்கு இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் கிடைத்தது. மலைக்கிராமங்களுக்கு அது பொருந்தும். வானம் மறைக்காத இடம் வேண்டும், கோள் மாறும்போது சிறு தாவல்கள் இருக்கும். கேபிள் வரும் ஊரில் அதற்கு வேலையில்லை.

எந்த இணைப்பானாலும் எடுப்பதற்கு முன் சோதிக்க வேண்டும். விற்க வருகிறவர் காலை 11 மணிக்குப் போனில் வேகச் சோதனை ஓட்டி 8 மில்லி செகண்ட் பிங் என்று காட்டுவார். அது அவருடைய நிறுவனத்தின் சென்னை சர்வருக்குப் போய்வந்த நேரம். சோதனைச் செயலியில் சர்வரை மும்பைக்கு மாற்றச் சொல்லுங்கள். பலர் பிங் பார்க்கப் பயன்படுத்தும் 1.1.1.1, 8.8.8.8 ஆகிய பொது முகவரிகளும் அருகிலுள்ள ஊரிலிருந்தே பதில் சொல்லும் தன்மை உடையவை, அங்கே குறைவாகக் காட்டினால் ஆட்டத்தில் குறையும் என்று அர்த்தமில்லை. அதே இணைப்பு உள்ள பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்கு அரை மணி நேரம் ஆடிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை எதுவும் இல்லை. ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதக் கணக்கிலேயே ஓட்டுங்கள்.

இணைப்பு வந்த பிறகும் லேக் என்றால் பழியைச் சரியான இடத்தில் போட ஒரு முறை இருக்கிறது. விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, வீட்டு ரவுட்டரின் முகவரிக்கு இடைவிடாத பிங் போடுங்கள். இன்னொரு சாளரத்தில் வெளி முகவரி ஒன்றுக்கும் போடுங்கள். பத்து நிமிடம் ஓடட்டும். ரவுட்டருக்கான எண்ணே 3லிருந்து 80க்குத் தாவினால் குற்றவாளி உங்கள் வீட்டு வைஃபை, கேபிள்காரர் பாவம். ரவுட்டருக்கு 1 மில்லி செகண்டாக நின்று, வெளிக்கு மட்டும் தாவினால் அப்போது அவரைக் கூப்பிடலாம், அந்தத் திரையைப் படம் எடுத்தும் அனுப்பலாம். வெளியே எந்த இடத்தில் ஏறுகிறது என்று பார்க்க டிரேசர்ட் கட்டளை இருக்கிறது. அதில் நடுவில் ஓரிடம் மட்டும் 200 காட்டி, அடுத்த இடங்கள் 30 காட்டினால் பயப்பட வேண்டாம். அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைத் தாமதிக்கிறது, தன் வழியாகப் போகும் சேதியைத் தாமதிக்கவில்லை.

வைஃபை விஷயத்தில் சொல்வதற்கு அதிகமில்லை: லேன் கேபிள் போடுங்கள். கேட்-6, சுத்தமான தாமிரக் கம்பி. விலை குறைந்த கேபிள்களில் அலுமினியத்துக்குத் தாமிர முலாம் பூசியிருப்பார்கள், வளைத்தால் முறியும். ஆண்ட்ராய்டு போனில் ஆடுகிறவர்களுக்கும் டைப்-சி லேன் அடாப்டர் கிடைக்கிறது, பெரும்பாலான போன்கள் ஏற்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைப்பவர்கள் வைஃபைக்குப் பதில் யு.எஸ்.பி. கேபிளில் டெதரிங் செய்தால் தாவல் குறையும், போனும் அவ்வளவு சூடாகாது. வைஃபைதான் வழி என்றால் 5 கிகாஹெர்ட்ஸில், ஒரே அறையில். ஒன்று எச்சரிக்கை: வீட்டிலிருந்து களத்து வீட்டுக்கோ மாட்டுக்கொட்டகை அறைக்கோ வெட்டவெளியில் 60, 70 மீட்டர் லேன் கேபிள் இழுக்காதீர்கள். அருகில் இடி விழுந்தால் இரு பக்கப் போர்ட்டும் கருகும். அந்தத் தூரத்துக்கு ஃபைபர் டிராப் கேபிளும் இரண்டு மீடியா கன்வர்ட்டரும் போதும். இரும்புக் கம்பி சேர்ந்த கேபிளானால் அந்தக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே நறுக்கி நிறுத்திவிட வேண்டும்.

பல வீடுகளில் உண்மையான வில்லன் அப்லோடு. அண்ணன் ஆடிக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன் கல்யாணப் படங்களை கூகுள் போட்டோஸுக்கு ஏற்றுகிறது; வாசல் சி.சி.டி.வி. கேமரா கிளவுடுக்கு அனுப்புகிறது. அப்லோடு 10 எம்.பி.பி.எஸ். உள்ள இணைப்பில் ரவுட்டர் 1 மெகாபைட் (8 மெகாபிட்) அளவு சேதியை வரிசையில் வைத்திருந்தால், அந்த வரிசை கரைய 0.8 வினாடி ஆகும். உங்கள் தோட்டா அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. பிங் 800க்குப் போகும், படம் ஏறி முடிந்ததும் 35க்கு இறங்கும். இதற்கு மருந்து, வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்.க்யூ.எம். என்ற வசதி. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டரிலோ, மைக்ரோடிக் ரவுட்டரின் 7ஆம் பதிப்பிலோ கேக் என்ற வரிசை முறையைத் தேர்ந்து, மாலை நேரத்தில் கிடைக்கும் உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாக வைக்க வேண்டும். வரம்பைப் பிளானில் எழுதியிருக்கும் வேகத்துக்கு வைத்தால் பலன் இருக்காது, வரிசை மறுபடி மோடத்துக்குள்ளேயே சேரும். வேகத்தில் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுக்க மனம் வர வேண்டும், அவ்வளவுதான். சிவப்பு விளக்கும் எட்டு ஆன்டெனாவும் வைத்த "கேமிங் ரவுட்டர்" வாங்கும் பணத்தில் இதைச் செய்து மீதியும் மிஞ்சும். டி.என்.எஸ். மாற்றினால் பிங் குறையும் என்பதும் கதைதான். பெயரை முகவரியாக மாற்றும் வேலை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 40 ஜி.பி. அப்டேட் வந்தால் 30 எம்.பி.பி.எஸ்.ஸில் சுமார் மூன்று மணி நேரம், 100ல் ஒரு மணிக்குள். தினம் 2 ஜி.பி. தரும் மொபைல் ரீசார்ஜில் அதை இறக்கவே முடியாது. அதற்காக மட்டும் வேகம் பாருங்கள், டேட்டா உச்சவரம்பையும் பாருங்கள். ஸ்டீமில் அப்டேட்டை அதிகாலைக்குத் தள்ளிவைக்க வசதி உண்டு.

வேறொன்று, நேரடி ஐ.பி. முகவரி. கிராமத்து இணைப்புகளில் பெரும்பாலானவை பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிடுபவை. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அதுதான். சர்வரில் போய் ஆடும் ஆட்டங்களுக்கு இதனால் பாதகமில்லை. மைன்கிராஃப்ட் உலகத்தை வீட்டுக் கணினியில் நடத்தி நண்பர்களைக் கூப்பிடவோ, ஆடுகிறவர்களே ஒருவரோடொருவர் நேராக இணையும் ஜி.டி.ஏ. ஆன்லைன் போன்றவற்றுக்கோ இடைஞ்சல் வரும். வெளியிலிருந்து வருகிறவர்களை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை போட்டாலும் வேலை செய்யாது. பங்கிடத் தேவையில்லாத புதிய முகவரி முறையான ஐ.பி.வி-6 தருகிறார்களா, தனி ஐ.பி.க்கு மாதம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை மறந்து யாரும் இணைப்பைத் திட்டக் கூடாது. ஃபைபர் மோடம் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 8 வாட் இழுக்கும். 10,000 எம்.ஏ.எச். என்று எழுதிய மினி யு.பி.எஸ். உண்மையில் அந்த அளவு இருந்தால் 37 வாட்-அவர். வீணாவது போக நான்கு மணி நேரம் வரை தாங்கும். இரண்டு மணி நேரத்திலேயே படுத்தால் உள்ளே இருக்கும் செல் எழுதிய அளவு இல்லை. இன்வர்ட்டரில் கணினி ஓட்டுகிறவர்கள் பின்பக்க ஸ்விட்சை யு.பி.எஸ். நிலையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரன்ட் மாறும் நொடியில் கணினி அணைந்து ஏறும். மோடமும் அணைந்தால் மறுபடி இணைய இரண்டு மூன்று நிமிடம், அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

புகார் சொல்லும்போது வாயால் சொல்லி விடாமல் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து எண் வாங்குங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்கு நேரே எழுதுகிறவர்கள் பலர். தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. "நெட் ஸ்லோ" என்று எழுதினால் வேகச் சோதனை ஓட்டிக் காட்டிப் புகாரை மூடிவிடுவார்கள். "இரவு 8 முதல் 10 வரை, லேன் கேபிளில், ரவுட்டருக்கு 1, மும்பைக்கு 140, பாக்கெட் லாஸ் 3 சதவீதம்" என்று தேதியோடு எழுதுங்கள். அதை அப்படி மூட முடியாது.

ஆசிரியர் அவர்களே, விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்களிடம் உங்கள் நாளிதழ் ஒரு கேள்வி கேட்கலாம்: மாலை நேரத்தில் உங்கள் இணைப்பில் மும்பைக்குப் பிங் எவ்வளவு? அந்த எண்ணையும் எம்.பி.பி.எஸ். பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிட அவர்கள் தயாரா?

இப்படிக்கு,
கண்ணாடி இழை இணைப்புப் பணி செய்யும் வாசகர்,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.